எழுத விஷயம் இல்லை என்கிறவர்களுக்கு

*உள்ளூர் வார இதழ் ஒன்றில் பத்தி எழுத ஒப்புக்கொண்டேன். ஐந்து வாரம் ஓடியது. ஆறாவது வாரம் வெள்ளைத்தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். என்ன செய்யலாம்?*
ஓய்வு பெற்ற ஆசிரியர், மன்னார்குடி

முதலில் எழுந்திருங்கள். மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து விஷயம் தேடுவதுதான் தவறு. உட்காரும்போதே விஷயம் கையில் இருக்க வேண்டும். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் இருந்தபோது, செய்தித்தாள்களில் பலதரப்பட்ட விஷயங்களைக் கத்தரித்துக் கோப்புகளில் சேர்ப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. பார்த்தவர்களுக்கு, ஒரு மனிதர் நாள் முழுக்கப் பேப்பர் கிழித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியிருக்கிறது. பிற்பாடு அந்த ஸ்டூடியோவைப் பற்றியே அவர் ஒரு புத்தகம் எழுதினார்.

சட்டைப்பையில் அடங்கும் நோட்டு ஒன்று வாங்குங்கள். ‘பஸ்ஸில் சண்டை’ என்று மட்டும் குறித்துவைத்தால் ஒரு மாதம் கழித்து அது எதற்கும் உதவாது. சண்டை சில்லறைக்கா, ஜன்னலோர சீட்டுக்கா? கண்டக்டர் என்ன சொன்னார்? எந்த நிறுத்தத்தில் முடிந்தது? அதையெல்லாம் அன்றைக்கே எழுதிவையுங்கள். குறைந்தது மூன்று வாரச் சரக்கு கைவசம் இல்லாமல் யாரும் வாரப் பத்திக்குத் தலையாட்டக் கூடாது. நீங்கள் ஆட்டிவிட்டீர்கள். இந்த வாரம் மட்டும் இதழாசிரியரிடம் விடுப்புக் கேளுங்கள், கொடுப்பார்.

*எழுதுவதற்குக் காலை நல்லதா, இரவு நல்லதா?*
வாசகர், ஓசூர்

எதுவானாலும் சரி. தினமும் அதே நேரமாக இருக்கட்டும்.

*இருபத்திரண்டு வருடமாகத் தையல் கடை நடத்துகிறேன். எழுத ஆசை. ஆனால் என் வாழ்க்கையில் எழுதும்படியாக ஒன்றுமே நடந்ததில்லை. புவி வெப்பமயமாதல் பற்றி எழுதலாமா?*
வாசகி, ராஜபாளையம்

வேண்டாம் அம்மா. இந்தக் கடிதம் வேறு வேறு ஊர்களிலிருந்து, வேறு வேறு தொழில்காரர்களிடமிருந்து வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொன்றையும் படிக்கும்போது வருத்தம்தான் வருகிறது. தன் கடையில் ஒன்றுமில்லை என்று நினைக்கிறவர் உலகம் முழுவதையும் எழுதக் கிளம்புகிறார்.

தொ. பரமசிவனின் ‘அறியப்படாத தமிழகம்’ 1997-இல் வந்தது. அதில் அவர் எடுத்துக்கொண்டவை உப்பு, எண்ணெய், உரல், பல்லாங்குழி. எல்லாம் எந்த வீட்டிலும் கிடந்தவை. உப்பைப் பற்றிப் படித்துவிட்டு அடுப்படிக்குள் போனால் உப்பு ஜாடி வேறு மாதிரி தெரியும். கி. ராஜநாராயணன் இடைசெவல் விவசாயி. கரிசல் மக்கள் பேசிய சொற்களைத் திரட்டி வட்டார அகராதியே கொண்டுவந்தார். பிறகு அந்த வழியில் மற்ற வட்டாரங்களுக்கும் அகராதிகள் வந்தன. இருவரும் பொருளைத் தேடித் தொலைதூரம் போகவில்லை. பக்கத்தில் கிடந்ததைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள்.

உங்கள் கடைக்கு வாருங்கள். அளவு ஜாக்கெட் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ‘இதைவிட ஒரு விரல் லூஸ்’ என்று ஒரு பெண் சொல்கிறாரே, அந்த ஒரு விரல் எத்தனை அங்குலம்? ஆளுக்கு ஆள் மாறுமா? தீபாவளிக்கு எத்தனை நாள் முன்பு ‘இனி ஆர்டர் எடுப்பதில்லை’ என்று பலகை மாட்டுகிறீர்கள்? மாட்டிய பிறகும் யாருக்காக எடுக்கிறீர்கள்? காஜா போட முன்பு தனி ஆள் இருந்தாரே, அவர் இப்போது என்ன செய்கிறார்? தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராத துணிகள் எத்தனை வருடமாக அலமாரியில் கிடக்கின்றன? ரெடிமேட் வந்த பிறகு குறைந்தது எந்த வேலை, கூடியது எந்த வேலை? பழைய அளவு நோட்டை எடுத்துப் புரட்டுங்கள். ஒரே வாடிக்கையாளரின் இருபது வருட உடம்பு அதில் எண்களாக இருக்கிறது. இதை உங்களைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாது. ஒரு கேள்விக்கு ஒரு கட்டுரை என்று வையுங்கள். ‘ஓவர்லாக்’, ‘ஃபால்ஸ்’, ‘பட்டி’ என்று கடையில் புழங்கும் சொல்லை அப்படியே எழுதுங்கள். அகராதி பார்த்து அழகுபடுத்த வேண்டாம்.

*அன்னையர் தினம், ஆசிரியர் தினம் என்று காலண்டரைப் பார்த்து எழுதினால் வருடம் முழுக்க விஷயம் கிடைக்குமே?*
வாசகர், திருப்பூர்

கிடைக்கும். செப்டம்பர் 5 ராதாகிருஷ்ணன் பிறந்தநாள் என்று அன்றைக்கு எல்லாரும் எழுதுவார்கள், நீங்களும் எழுதுவீர்கள். படிக்கிறவர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

*காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் இரவு எட்டுக்குத்தான் வீடு. இதில் தொடர்ந்து எழுதுவது சாத்தியமா?*
வங்கி ஊழியர், சேலம்

தாராளமாக. சுஜாதா பொறியாளராக வேலை பார்த்தபடியேதான் ‘கணையாழி’ இதழின் கடைசிப் பக்கத்தை எழுதினார். அந்தப் பக்கத்தின் நல்ல குணம், ஒரே பக்கத்தில் பல சின்ன விஷயங்கள் சேர்ந்திருப்பது. படித்த புத்தகம், பார்த்த படம், கேட்ட பேச்சு என்று எதற்கும் இடமுண்டு. நேரமில்லாதவருக்கு அந்த வடிவம் ஏற்றது. ஒவ்வொரு தடவையும் நீளக் கட்டுரை எழுதியே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறவருக்கு ஒரு நாளில் காதில் விழுவதே மூன்று பத்திக்குத் தேறும். வாடிக்கையாளரின் பெயரும் கணக்கு விவரமும் மட்டும் எழுத்தில் வரவே கூடாது.

*எங்கள் ஊர்த் தெப்பக்குளம் பற்றி எழுதினேன். தவறுகள் இருப்பதாக ஒரு பெரியவர் நான்கு பக்கம் கடிதம் போட்டுவிட்டார். இனி எழுதவே தயக்கமாக இருக்கிறது.*
வாசகி, சிவகங்கை

பயப்படாதீர்கள். அந்த நான்கு பக்கத்தில் உங்களுக்கு அடுத்த கட்டுரை இருக்கிறது. உடனே போய் அவரைப் பாருங்கள், நோட்டோடு போங்கள். தவறைத் திருத்தி, திருத்தியவர் யார் என்பதையும் அவர் சம்மதத்தோடு சொல்லி எழுதுங்கள். சென்னை வரலாற்றை எழுதிய எஸ். முத்தையா ‘தி இந்து’வில் திங்கள்தோறும் வெளிவந்த தன் பத்தியில், வாசகர்கள் அனுப்பிய திருத்தங்களுக்கும் கூடுதல் தகவல்களுக்கும் என்றே ‘தபால்காரர் தட்டியபோது’ என்னும் பொருளில் ஒரு பகுதி வைத்திருந்தார். 1999-இல் தொடங்கிய அந்தப் பத்தி, 2019-இல் அவர் மறையும் காலம் வரை வந்தது.