ஏற்றத்தில்தான் வெயில் பிடிக்கும்

கேள்வி: கோவில்பட்டி என் சொந்த ஊர். ஹைதராபாத் அமீர்பேட்டில், மைத்ரிவனம் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் பாடம் நடத்துகிறேன். வயது 36. போன ஆகஸ்டில் ஹைதராபாத் மாரத்தானில் 21 கிலோமீட்டர் ஓடி முடித்தேன். அடுத்து கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 ட்ரையத்லானில் கலந்துகொள்ள ஆசை. கரிசல் காட்டு வெயிலில் வளர்ந்தவன் என்பதால் வெயில் எனக்குப் பெரிதில்லை. சைக்கிள் பாதையில் வரும் ஏற்றங்களை நினைத்தால்தான் பயம். எப்படித் தயாராவது?
வாசகர், அமீர்பேட்

பதில்: நீங்கள் பெரிதில்லை என்று ஒதுக்கிய வெயிலைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

கோவில்பட்டி வெயிலும் சரி, ஹைதராபாத்தின் மே மாத வெயிலும் சரி, வறண்ட வெயில். 40 டிகிரி அடித்தாலும் வேர்வை சட்டென்று ஆவியாகிவிடும். உடம்பைக் குளிர வைப்பது அந்த ஆவியாதல்தான். கோவாவில் அக்டோபர், நவம்பரில் வெயில் 32 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் கடல் காற்றில் ஈரம் மிகுதி. வேர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். சொட்டுகிற வேர்வையோடு நீரும் உப்பும் போகும், சூடு போகாது.

இதோடு ஏற்றம் சேர்ந்தால் என்ன ஆகும்? நாம் செலவழிக்கும் சக்தியில் கால் பங்குகூடப் பெடலுக்குப் போவது கடினம். மீதியெல்லாம் உடம்பில் சூடாகிறது. சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும்போது எதிரே வரும் காற்று அந்தச் சூட்டை வாரிக்கொண்டு போய்விடும். மேட்டில் வேகம் 12க்கு இறங்கும். உழைப்பு கூடுகிற அதே நேரத்தில் காற்றும் நின்றுபோகும். வெயில் ஆளைப் பிடிக்கிற இடம் அதுதான். அதன் விளைவு சைக்கிளில் முழுதாகத் தெரியாது. 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள் எல்லாம் முடிந்து, உச்சி வெயிலில் 21.1 கிலோமீட்டர் ஓட இறங்கும்போது தெரியும். முதல் சுற்று மேட்டில் எழுந்து நின்று மிதித்தவர்கள் பிறகு ஓட முடியாமல் நடப்பதை எந்தப் போட்டியிலும் பார்க்கலாம்.

அதனால் மேட்டில் வேகத்தைப் பார்க்காதீர்கள், இதயத் துடிப்பைப் பாருங்கள். உட்கார்ந்தபடியே, லேசான கியரில் ஏறுங்கள். முன்னால் 34 பல், பின்னால் 32 பல் இருந்தால் உங்களுக்குப் போதும். முந்துகிறவர்கள் முந்தட்டும். மொத்தம் எட்டரை மணி நேரம் தருகிறார்கள்.

ஏற்றப் பயிற்சிக்கு நீங்கள் எங்கும் தேட வேண்டியதில்லை. பஞ்சாரா ஹில்ஸ், ஜூபிலி ஹில்ஸ் சரிவுகள் பக்கத்திலேயே இருக்கின்றன. ஞாயிறு விடியலில், வண்டிகள் வருமுன் ஏறி இறங்குங்கள். அவ்வப்போது விகாராபாத் பக்கம் அனந்தகிரி மலைக்குப் போங்கள். வெளிவட்டச் சாலையை ஒட்டி, சோலார் கூரை போட்ட 23 கிலோமீட்டர் சைக்கிள் தடம் 2023இல் திறந்தார்கள். வண்டி பயமின்றி நீண்ட நேரம் மிதிக்க அருமையான இடம். ஆனால் அங்கே மட்டுமே பழகினால் நிழலுக்குப் பழகிய உடம்போடு கோவாவில் இறங்குவீர்கள்.

வெயிலுக்கு உடம்பைப் பழக்க 10 முதல் 14 நாள் வேண்டும். தினமும் ஒரு மணி நேரம், நிதானமாக, நன்றாக வேர்க்கும்படி பயிற்சி. ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும். வேர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும். இந்தப் பழக்கம் இரண்டு மூன்று வாரத்தில் கரைந்துவிடும். நாளெல்லாம் ஏசி வகுப்பறையில் நிற்கிற உங்களுக்கு இது முக்கியம்: போட்டிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் இதைச் செய்யுங்கள், சில நாள் முன்னதாகவே கோவா போய்விடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஊரார் பேச்சைக் கேட்காதீர்கள். ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். இடையில் எதுவும் குடிக்காமல் ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் வேர்த்திருக்கிறீர்கள். உங்கள் கணக்கு அதுதான். அதற்கு மேல் வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளினால் ரத்தத்தில் சோடியம் குறையும். அது உயிருக்கே ஆபத்து.

நீச்சலுக்குக் கச்சிபவுலி நீச்சல் குளம் போதும். ஆனால் கடலை முதன்முதலாகப் போட்டி நாளில் பார்க்காதீர்கள். அங்கே தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதால் மிதக்க உதவும் வெட்சூட்டை நம்ப முடியாது.

கடைசியாக ஒன்று. 2016 செப்டம்பரில் மெக்சிகோவின் கோசுமெலில் நடந்த ட்ரையத்லானில், முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த ஜானி பிரவுன்லீ கடைசிச் சில நூறு மீட்டரில் தள்ளாடி நின்றார். அண்ணன் அலிஸ்டர்தான் தோளில் தாங்கிக் கோட்டைத் தாண்ட வைத்தார். ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கி ஒரு மாதமே ஆன வீரருக்கே அந்த நிலை. உங்களோடு கோவா வருகிறவரிடம் இதைச் சொல்லிவையுங்கள்: பேச்சு குழறினால், நடை தடுமாறினால், இருக்கும் இடம் புரியாமல் விழித்தால், உடம்பு வேர்த்துக்கொண்டிருந்தாலும் அது வெப்பத் தாக்காக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். உடனே மருத்துவக் குழுவைக் கூப்பிட வேண்டும். பனிக்கட்டித் தண்ணீரில் அமர்த்தி முதலில் குளிர்விக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அதன் பிறகுதான்.