சிட்டுக்குருவித் தட்டில் காக்கைக்கு என்ன வேலை?

குன்னம் பக்கம் மக்காச்சோளம் அறுத்துக் களத்தில் காயும் நாட்களில் எந்தப் பறவைக்கும் தீனிப் பஞ்சமில்லை. களம் காலியானதும் கொல்லையில் சிட்டுக்குருவிக்கு வைக்கும் தட்டில் போட்டி ஆரம்பிக்கும். முதலில் மைனா, பிறகு புறா, கடைசியில் காக்கை வந்து தட்டையே கவிழ்த்துவிட்டுப் போகும். குருவி முருங்கைக் கிளையிலிருந்து வேடிக்கை பார்க்கும்.

விரட்டுவது வீண். பழைய சிடி, பளபளக்கும் ரிப்பன் எல்லாம் காக்கையிடம் நாலு நாள்தான் எடுபடும். நைலான் வலை வேண்டவே வேண்டாம். குருவியின் காலே அதில் சிக்கும். உடம்பளவைக் கணக்கில் வைத்துத் தடுப்பதுதான் நிலைக்கும். சிட்டுக்குருவி சுமார் 30 கிராம். மைனா அதைப்போல மூன்று நாலு மடங்கு, காக்கை ஏறக்குறைய பத்து மடங்கு.

முதலில் தீனியை மாற்றுங்கள். சோறும் பலகாரத் தூளும் போட்டால் காக்கையை நாமே கூப்பிட்ட மாதிரி. முழு மக்காச்சோளம் புறாவுக்குத்தான் வசதி, குருவி அலகுக்குப் பெரிது. கம்பு, தினை, அரிசி நொய் போதும். காலையில் ஒரு கைப்பிடி, வெயில் ஏறுமுன் தீர்கிற அளவு.

அடுத்தது கூண்டு. கோழிக்கூண்டுக்கு வாங்கும் வெல்டு மெஷ்ஷில் 1½ அங்குலக் கண் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு அங்குலம் குருவிக்கே இறுக்கம். இரண்டு அங்குலமென்றால் மைனா புகப் பார்க்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றரை அடி. நடுவில் அரையடி அகல மண்தட்டைக் கம்பியால் கட்டினால் எந்தப் பக்கமும் அரையடி இடைவெளி கிடைக்கும். இதில் கஞ்சத்தனம் கூடாது. காக்கை கழுத்தை உள்ளே நீட்டி, அலகால் தட்டின் விளிம்பைப் பற்றி இழுக்கும். வெட்டிய கம்பி முனைகளை மடக்கிவிடுங்கள். மேலே பலகை போட்டால் மழையும் எச்சமும் தானியத்தில் விழாது. நனைந்த கம்பு பூஞ்சை பிடிக்கும்.

அணிலை இந்தக் கண் தடுக்காது. கூண்டைச் சுவர், கிளை இரண்டிலிருந்தும் தள்ளி, ஒற்றைக் கம்பியில் தொங்கவிடுவதே வழி. பக்கத்தில் ஒரு செம்பருத்திச் செடி இருந்தால் நல்லது. வல்லூறு பாயும்போது குருவிகள் அதற்குள் ஒளியும். ஆனால் பூனை பதுங்கும் அளவுக்குக் கூண்டருகே புதர் மண்டக்கூடாது.

கீழே ஒரு பழைய தாம்பாளம் வையுங்கள். புறாவுக்கும் மைனாவுக்கும் சிந்தியதே விருந்து. சாயந்தரம் கூட்டி எடுக்காவிட்டால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும்.

காக்கைக்கு வைக்காமல் சாப்பிடாத வீடுகளில் அந்த வழக்கத்தை விட வேண்டியதில்லை. மத்தியானச் சோற்றை வாசல் பக்க மதிலில் வையுங்கள், குருவிக்குக் கொல்லையில் காலையிலேயே முடித்துவிடுங்கள். இடமும் நேரமும் பிரிந்தால் பாதிச் சண்டை குறையும்.

 

கூடு கட்ட மரப்பெட்டி வைப்பதானால் துளை 32 மில்லிமீட்டர் போதும், மைனா நுழையாது. துளைக்கு முன்னால் குச்சி செருகாதீர்கள். குருவிக்கு அது வேண்டாம், எதிரிக்குத்தான் கால் வைக்க உதவும். குஞ்சு பொரித்த நாட்களில் அவரைப் பந்தலுக்கு மருந்தடிக்காதீர்கள். தாயும் தகப்பனும் குஞ்சுக்கு ஊட்டத் தேடுவது பெரும்பாலும் புழு பூச்சியைத்தான்.