நெய்ச் சோதனையும் ஒரு ரப்பர் வில்லையும்

நெய் நல்லதா என்று மூக்கும் நாக்கும் சொன்ன காலம் ஒன்று இருந்தது. இன்று கருவி சொல்கிறது. 2024 ஜூலையில் திருமலைக்கு வந்த நெய்யின் மாதிரிகள் குஜராத்தில் ஆனந்த் நகரிலுள்ள தேசியப் பால்வள வாரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்பட்டதை வாசகர்கள் அறிவார்கள். இத்தகைய சோதனைக்கு ஆதாரமானது வாயு வண்ணப்பிரிகைக் கருவி, சுருக்கமாக ஜி.சி. சித்தூர் மாம்பழக்கூழில் பூச்சிமருந்தின் எச்சத்தைத் தேடவும் இது உதவுகிறது. வேதியியல் படித்து இவ்வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்காக இச்சிறு பாடம்.

மாதிரியைச் சூடான இன்லெட்டில் ஊசியால் செலுத்துகிறோம். அது ஆவியாகிறது. ஹீலியம் போன்ற வாயு அந்த ஆவியை நீண்ட மெல்லிய குழலுக்குள் தள்ளிச் செல்கிறது. (இக்குழலின் ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் 'காலம்' என்றாகிவிடும், ஆகவே பிரிகுழல் என்கிறேன்.) ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நேரத்தில் வெளிவருகிறது. 1952-ல் ஜேம்ஸும் மார்ட்டினும் இம்முறையை வெளியிட்டபோது பிரித்துக் காட்டியவையும் கொழுப்பு அமிலங்களே. பால் கொழுப்புக்கே அடையாளமான பியூட்டிரிக் அமிலமும் அவற்றுள் ஒன்று.

பொருள் இன்னது என்பதை நேரத்தைக் கொண்டு சொல்கிறோம். நேரமோ இன்லெட் அழுத்தத்தைப் பொறுத்தது. அழுத்தம் ஆடினால் ஒரு பொருளை அதன் பக்கத்துப் பொருளாக எண்ணிவிடலாம். நல்ல நெய் பழி சுமக்கும், கலப்படம் தப்பிவிடும்.

அழுத்தம் எப்படி ஆடுகிறது என்று முதலில் பாருங்கள். குறித்த அளவை எட்டாவிட்டால் கசிவு, அல்லது சிலிண்டரிலிருந்து வரும் வாயு போதவில்லை. குறித்த அளவுக்கு மேலே போய் இறங்க மறுத்தால் அடைப்பு; பெரும்பாலும் ஸ்பிளிட் வென்ட் வழியிலுள்ள வடிகட்டியில்தான். கொழுப்பு மாதிரிகள் அங்கே படிந்து உறையும். மேலும் கீழுமாக ஊசலாடினால் வாயு வரத்தையும் அந்த வடிகட்டியையும் இரண்டையும் பார்க்க வேண்டும். அதே வாயுக் குழாயிலுள்ள மற்றக் கருவிகளும் ஆடினால் குற்றம் உங்கள் கருவியில் இல்லை.

கசிவு என்றால் செப்டத்திலிருந்து தொடங்குங்கள். ஊசி குத்திக் குத்தித் துளைபட்ட ரப்பர் வில்லை அது. நான் அறிந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் இரண்டு நாள் கணினியைத் திட்டினார்கள். கடைசியில் சில ரூபாய் செப்டம்தான் குற்றவாளி! இறுக்கினால் சரியாகும் என்று மேலும் திருகாதீர்கள், விரைவில் கிழியும். கருவி ஆறிய பின் மாற்றுங்கள். கூடவே லைனரின் ஓ-ரிங்கையும் பாருங்கள். பிரிகுழலைப் பிடிக்கும் ஃபெரூல் பாலிஇமைடு கலந்ததானால் சிலமுறை சூடேறியதும் சுருங்கும். நட்டை மறுபடி சற்றே இறுக்க வேண்டும்.

அப்படியும் பிடிபடவில்லையா? பிரிகுழலைக் கழற்றி அவ்வாயை அடையுங்கள். வெளிவழிகளையும் மூடி, அழுத்தம் ஏற்றி, வாயுவை நிறுத்துங்கள். முள் இறங்கினால் கசிவு இன்லெட்டிலேயே இருக்கிறது. நின்றால் பிரிகுழல் பக்கம் தேடுங்கள். சோப்பு நீர் மட்டும் வேண்டாம். கசியும் துளை வழியே உள்ளே புகுந்து கருவியைக் கெடுக்கும். ஹைட்ரஜன் ஓடும் கருவியானால் எதையும் கழற்றுமுன் வாயுவை நிறுத்துங்கள். அடுப்புக்குள் சேர்ந்தால் வெடிக்கும்.

சரிசெய்த பின், நேரம் தெரிந்த கொழுப்பு அமிலக் கலவை ஒன்றை ஓட்டிப் பழைய பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். அதன் பிறகே நெய்யை வையுங்கள்.