வைகாசித் திங்களின் தென்வானம்

பகலில் காய்ந்த வெயிலின் வெம்மை தணியாமையால், மக்கள் மொட்டைமாடியிலும் முற்றத்திலும் படுக்கை விரிக்கும் காலம் வைகாசி. அவ்வாறு படுத்து வானை நோக்குவோர் பலர் வடக்கே துருவ மீனைத் தேடுவர். தெற்கே திரும்புவோர் சிலரே. ஆயினும், தமிழ்நாட்டின் இருப்பிடத்தால் நமக்கு வாய்த்த அரிய காட்சி தெற்கிலேதான் உள்ளது.

இத்திங்களின் தொடக்கத்தில், நிலவற்ற ஓர் இரவில், 9 மணியளவில், தென்திசை மறைவின்றித் தோன்றும் வெளியில் நின்று பாருங்கள். அடிவானத்திற்குச் சற்று மேலே நான்கு மீன்கள் பட்டத்தின் வடிவில் நிற்கும். அதுவே தென்சிலுவை. விசுவாமித்திரர் நிறுத்திய திரிசங்கு அதுவே என நம் நாட்டார் கூறுவதுண்டு. அதன் அடிமீன் சென்னையில் 14 பாகையும், கன்னியாகுமரியில் 19 பாகையும் உயரும். கையை நீட்டி விரல்களை மடக்கினால், அம்முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. தில்லியில் அம்மீன் எழுவதே இல்லை. இலண்டனிலோ சிலுவை முழுவதும் அடிவானத்தின் கீழேயே கிடக்கும்.

தென்மேற்கில் இதனினும் பெரியதாய், மங்கலாய் மற்றொரு சிலுவை தாழ்ந்து தோன்றும். அது போலி, மயங்க வேண்டா. உண்மைச் சிலுவைக்குக் கிழக்கே ஒளிமிக்க இரு மீன்கள் காவலர்போல் நிற்கும். அவற்றுள் தொலைவில் உள்ளது ஆல்பா சென்டாரி. ஞாயிறு நீங்கலாக நமக்கு மிக அண்மையில் உள்ள விண்மீன் கூட்டு அதுவே. அண்மை என்கிறோம், எனினும், நொடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் விரையும் ஒளி அங்கிருந்து வந்து சேர 4 ஆண்டுகளுக்கு மேலாகும்!

கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றும் அம்மீன் உண்மையில் இரண்டு. இதனை முதலில் கண்ட இடம் எது தெரியுமா? நம் புதுச்சேரி. 1689 டிசம்பரில் அங்கிருந்த ரிஷோ என்னும் இயேசு சபைப் பாதிரியார், வால்மீன் ஒன்றை ஆராய்ந்து வருகையில், தம் தொலைநோக்கியில் அம்மீன் இரண்டாய்ப் பிரிந்து நிற்கக் கண்டார். பாரிசிலும் இலண்டனிலும் சிறந்த கருவிகள் இருந்தன. ஆனால் அம்மீன் அவ்வூர்களில் எழுவதில்லையே! அவ்விரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆகும். அவற்றோடு சேர்ந்த மூன்றாவது மீன் மிக மங்கலானது. 1915-இல்தான் அது அறியப்பட்டது.

சிலுவையின் உச்சி மீனிலிருந்து வடகிழக்கே ஒரு முட்டிக்குச் சற்று மிகுந்த தொலைவில், பஞ்சுத்துகள் போன்ற ஒரு புள்ளி தென்படும். ஒமேகா சென்டாரி எனப்படும் அது, இலட்சக்கணக்கான விண்மீன்கள் செறிந்த திரள். விளக்கொளி மிகுந்த நகரத்தார்க்கு அது கிட்டாது. சிற்றூர் மாணவர்க்கே அப்பேறு.

நள்ளிரவு கடந்து ஒன்றரை மணியளவில் சிலுவை மேற்கே சாய்ந்து மறையும். அந்நேரம் தெற்கே விருச்சிகம் கொடுக்கை வளைத்து நிற்க, அதன் நடுவே கேட்டை செந்நிறமாய் ஒளிரும்.