கட்டிலருகே கேட்க வேண்டியவை

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. நோயாளியிடம் குடியைப் பற்றியும் உடலுறவைப் பற்றியும் கேட்க நாக்கு எழவில்லை என்று எழுதியிருந்தாய். ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்த புதிதில் அந்தக் கூச்சம் இயல்புதான். ஆனால் கேட்காமல் விட்டால் பாதிக்கப்படுவது நோயாளி.

குடியையே எடுத்துக்கொள். கால் எலும்பு முறிந்து ஒருவர் அட்மிட் ஆகிறார். மனைவி பக்கத்தில் நிற்கும்போதே, "கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா?" என்று கேட்கிறோம். கெட்டது என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிட்ட பிறகு அவர் எப்படி ஒப்புக்கொள்வார்? "இல்லீங்க" என்பார், கேஸ் ஷீட்டிலும் அப்படியே ஏறும். இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்கும், உடம்பு வியர்க்கும், இல்லாத பூச்சியை விரட்டிக்கொண்டிருப்பார். குடி திடீரென்று நின்றதால் வரும் இந்த நிலை உயிரையே பறிக்கக்கூடியது. முதல் நாளே தெரிந்தால் மருந்து கொடுத்துத் தடுக்கலாம். அதனால், "குடிக்கிறவங்க சட்டுனு நிறுத்தினா உடம்பு கெட்டுப்போகும்ணே, அதுக்குத்தான் கேக்கறேன். கடைசியா எப்போ குடிச்சீங்க? குவார்ட்டரா, அதுக்கும் மேலயா?" என்று கேள். காரணம் தெரிந்தால் பெரும்பாலோர் சொல்லிவிடுவார்கள்.

பால்வினை நோய் பற்றிக் கேட்பதற்கு முன் சுற்றிலும் பார். வெள்ளைப்படுதல் என்று வந்த பெண், மாமியார் பக்கத்தில் நிற்கையில் என்ன சொல்வாள்? "பரிசோதிக்கணும், கொஞ்சம் வெளியே இருங்கம்மா" என்று அனுப்பிவிடு. தனி அறை கிடைக்காவிட்டால் டிரெஸ்ஸிங் அறை போதும். கல்யாணமானவர் என்பதால் வெளித்தொடர்பு இருக்காது என்று நீயே முடிவுகட்டாதே. ஆணுக்குப் பெண்தான் துணையாக இருப்பாள் என்றும் எண்ணாதே. உடலுறவு எந்த நாளில் நடந்தது என்றும் கேள். எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு நேர்ந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் தடுப்பு மருந்தைத் தொடங்கலாம். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று நீ தள்ளிப்போட்டால் அந்தக் கெடு தாண்டிவிடலாம்.

எச்.ஐ.வி. என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1986-இல் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா பாலியல் தொழில் செய்யும் பெண்களிடம் திரட்டிய ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டன. அந்தப் பெண்களை எங்கே தேடுவதென்றே முதலில் நிர்மலாவுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குச் சிகிச்சைக்கு வந்த ஓரிருவரோடு பழகினார்; அவர்கள் மற்றவர்களைக் காட்டினார்கள். அந்த வரலாற்றில் பரிசோதனையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். எனக்கோ அவர் அந்தப் பெண்களோடு பழகியதுதான் பெரிதாகப் படுகிறது.

கேட்டறிந்ததைக் காப்பதும் உன் பொறுப்பு. ரவுண்ட்ஸில் அடுத்த கட்டிலுக்குக் கேட்கும்படி "எச்.ஐ.வி. ரியாக்டிவ்" என்று சொல்லிவிடாதே. சம்மதமின்றிப் பரிசோதிப்பதையும், தொற்று இருப்பதை வெளியே சொல்வதையும் 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது.

கூச்சம் போக ஒத்திகை பார்க்க வேண்டும். 1960-களில் அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், நோயாளியாக நடிக்க ஆட்களைப் பழக்கி மாணவர்களுக்குக் கற்பித்தார். உனக்கு அறைத் தோழி போதும். அவளை உட்காரவைத்து, இந்தக் கேள்விகளை வாய்விட்டுக் கேட்டுப் பழகு. பொங்கலுக்கு வரும்போது நான் நோயாளியாக உட்காருகிறேன். எளிதில் வாய் திறக்க மாட்டேன்.

அன்புடன்,
பெரியம்மா