கேட்ட காதுகள்... எழுதிய கை!

அறுபது வயசு. பார்த்த தொழிலில் நல்ல பெயர் எடுத்தாயிற்று. இனி ஈஸிசேர், பேப்பர், பேரன் பேத்திதானே என்கிறீர்களா? டாக்டர் சுதீர் காக்கரின் முதல் நாவல் அந்த வயதில்தான் வெளிவந்தது!

1938-ல் நைனிடாலில் பிறந்தவர் காக்கர். முதலில் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். அப்புறம் பொருளாதாரம், வியன்னாவில் டாக்டர் பட்டம். 1960-களில், காந்தியைப் பற்றி ஆராய அகமதாபாத் வந்திருந்த எரிக் எரிக்சன் என்ற உளப்பகுப்பாய்வு நிபுணரைச் சந்தித்தார். அதோடு பாதையே மாறிப்போனது. ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் பயிற்சி பெற்று, 1975-ல் தில்லியில் தொழில் தொடங்கினார்.

அதென்ன உளப்பகுப்பாய்வு?

'சைக்கோ அனாலிசிஸ்' என்பார்களே, அதுதான். இதில் மருந்துச் சீட்டுக்கு வேலை இல்லை. சோபாவில் சாய்ந்துகொண்டு, மனசில் தோன்றுவதை எல்லாம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வாரத்துக்குப் பல நாள், சில சமயம் வருடக்கணக்கில்! நிபுணர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டே இருப்பார். நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்பதோடு, எதைச் சொல்லாமல் தாண்டிப் போகிறீர்கள் என்பதும் அவருக்கு முக்கியம்.

ஆனால், கேட்டதை வெளியே சொல்ல முடியாது. நம்பி வந்தவரின் ரகசியம் ஆயிற்றே! ஆராய்ச்சி நூலில் எழுதினாலும் ஆள் அடையாளம் தெரியாமல் மாற்றியாக வேண்டும்.

காக்கர் நாவலுக்கு எடுத்துக்கொண்டது யாரை தெரியுமா? 1998-ல் வந்த 'தி அசெட்டிக் ஆஃப் டிசையர்' நாவலில், காமசூத்திரம் தந்த வாத்ஸ்யாயனரை! அவருடைய வாழ்க்கை பற்றி வரலாற்றில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. 2004-ல், காந்தியின் சீடராக வாழ்ந்த மீராபென்னின் மனசைத் தொட்டு 'மீரா அண்ட் தி மகாத்மா'. சொல்லாமல் விட்டதை ஊகிப்பதுதானே இவருடைய பழைய தொழில்? அதே வித்தையைப் பேனாவுக்கு மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். 2024-ல் மறையும்வரை உளப்பகுப்பாய்வு நிபுணராகவும் எழுத்தாளராகவும் அறியப்பட்டார்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

இரண்டு விஷயம். ஒன்று, ரிட்டயர் ஆனதும் இத்தனை வருட அனுபவம் வீண் என்று நினைக்காதீர்கள். டீச்சரோ, கணக்கரோ, சமையலறையை ஆண்ட இல்லத்தரசியோ... உங்கள் பழைய திறமையே புது வேலைக்கு முதலீடு.

இரண்டு, எழுத்து மனசுக்கும் நல்லது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் ஒரு பகுதியினரைத் தொடர்ந்து 4 நாள், தினம் 15 நிமிடம், தங்களைப் பாதித்த சம்பவத்தை எழுதச் சொன்னார். நடந்ததோடு, மனசில் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் டாக்டரிடம் போனது குறைவு. பிற்பாடு வந்த ஆய்வுகளில் பலன் சிறிய அளவில்தான் தெரிந்தது. எனவே இதை மருந்து என்று நம்பிவிட வேண்டாம்.

நீங்களும் ஒரு நோட்டு வாங்குங்கள். எழுத்துப் பிழை, இலக்கணம் எதுவும் பார்க்க வேண்டாம். யாருக்கும் காட்டவும் வேண்டாம். எழுதி முடித்ததும் சற்று நேரம் மனசு கனக்கலாம், அது சகஜம். ஆனால் தூக்கம், சாப்பாடு கெட்டு, வாரக்கணக்கில் துக்கம் விலகாவிட்டால் நோட்டை மூடிவைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டில் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த நோட்டைத் திறந்து பார்க்காதீர்கள். ரகசியம் காப்பது டாக்டருக்கு மட்டும் உள்ள கடமையா என்ன?