வலியோடு கிடக்க வேண்டியதில்லை

புற்றுநோய் வார்டுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு: “ஆதரவு சிகிச்சைக்கு எழுதிட்டாங்க. கைவிட்டுட்டாங்கன்னுதான் அர்த்தம்.” இந்த நினைப்பால் பல குடும்பங்கள், வலியையும் அவதியையும் தணிக்கும் அந்தப் பிரிவின் பக்கமே போவதில்லை. அவர்கள் தயங்கும் நாளெல்லாம் படுக்கையில் இருப்பவர் வலியில் துடிக்கிறார்.

நம்பிக்கை: வேறு வைத்தியம் இல்லை என்றான பிறகுதான் ஆதரவு சிகிச்சை.

உண்மை: நோய் தெரிந்த நாளிலிருந்தே, கீமோவோடும் கதிர்வீச்சோடும் சேர்த்தே தரலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அதோடு தொடக்கத்திலிருந்தே ஆதரவு சிகிச்சையும். இரண்டாம் பிரிவினருக்கு மனச்சோர்வு குறைந்திருந்தது. ஆயுளோ, நடுமதிப்புக் கணக்கில் 8.9 மாதத்துக்கு எதிராக 11.6 மாதம். எல்லா நோயிலும் ஆயுள் கூடும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ‘அங்கே போனால் சீக்கிரம் முடிந்துவிடும்’ என்ற பயத்துக்கு இடமில்லை.

நம்பிக்கை: புற்றுநோய்க்கு மட்டும்தான்.

உண்மை: இதயமோ சிறுநீரகமோ செயலிழந்தவர்கள், பக்கவாதத்தில் படுத்துவிட்டவர்கள், நாள்பட்ட நுரையீரல் நோயாளிகள், மறதி நோய் கண்ட முதியவர்கள் எல்லோருக்கும் உரியது. குழந்தைகளுக்கும்தான்.

நம்பிக்கை: மார்ஃபின் ஆரம்பித்தால் அவ்வளவுதான், ஒன்று அடிமையாக்கும், இல்லையென்றால் மூச்சை நிறுத்தும்.

உண்மை: அதிகத் துன்பத்துக்குக் காரணமான நம்பிக்கை இதுதான். கடும் வலிக்கு மருத்துவர் குறைந்த அளவில் தொடங்கி, வலியைப் பார்த்துப் பார்த்துக் கூட்டுவார். இப்படிக் கொடுக்கும் மார்ஃபின் உயிரை எடுப்பதில்லை. வலிக்காகச் சாப்பிடுபவர் அதற்கு அடிமையாவதும் அரிது. மார்ஃபினின் சாதாரண மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். ‘வலி வரட்டும், அப்புறம் தரலாம்’ என்று காத்திருப்பதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும். பெரும்பாலும் தானாகவே அடங்கும். மலச்சிக்கல் மட்டும் அடங்காது. அதனால் முதல் நாளே பேதி மருந்தும் சேர்த்து எழுதித் தருவார்கள். அதை விடக் கூடாது. மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

பயம் வீடுகளில் மட்டும் இல்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால் பல மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்கி வைக்கவே அஞ்சின. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு நடைமுறை எளிதானது. மார்ஃபினுக்கு மூலப்பொருளான அபின், மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு இன்றும் விளைகிறது. அப்படிப்பட்ட நாட்டில் ஒருவர் வலியில் அலறிக்கொண்டே சாவது பெரும் அநியாயம்.

நம்பிக்கை: சாப்பாடு இறங்காதவரை அப்படியே விடுவது பட்டினி போடுவதுதான்.

உண்மை: வாய்ப்புண், குமட்டல், மலச்சிக்கல் போன்ற காரணம் இருந்தால் அதற்கு மருந்து உண்டு, முதலில் அதைக் கேளுங்கள். ஆனால் கடைசி நாட்களில் உடம்பே பசியை விட்டுவிடும். நோய் முற்றியதால்தான் சாப்பாடு இறங்கவில்லை. சாப்பிடாததால் நோய் முற்றவில்லை. ‘நாலு வாய் கஞ்சியாவது போகட்டும்’ என்று அரைமயக்கத்தில் மல்லாந்து கிடப்பவர் வாயில் ஊற்றினால், அது மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவில் முடியலாம். விழித்திருக்கும்போது தலையை உயர்த்தி, அவர் கேட்டால் ஒரு ஸ்பூன் கொடுங்கள். கேட்காவிட்டால் ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் நனைத்தாலே போதும்.

நம்பிக்கை: இதற்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

உண்மை: பெரும்பகுதியை வீட்டிலேயே செய்யலாம். 1993இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்கள் தொடங்கிய முயற்சி, அக்கம்பக்கத்துத் தொண்டர்களின் கையில் கேரளம் முழுக்கப் பரவியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீடு தேடி வரும் ஆதரவு சிகிச்சை உண்டு. உங்கள் வீட்டில் படுக்கையில் ஒருவர் இருந்தால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தத் திட்டத்தின் செவிலியரைக் கேளுங்கள். யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் 104க்குப் போன் போடுங்கள். வலி முற்றும்வரை காத்திருக்காதீர்கள்.